காவேரியா, போரா? அதற்கு அப்புறம் ஒரு கேள்வி

பெங்களூரில் வீடு பார்க்கக் கிளம்பும் நம்ம ஆட்கள் புரோக்கரிடம் கேட்கும் முதல் கேள்வி, "காவேரி வாட்டரா, போர் வாட்டரா?" என்பதுதான். வாடகை, அட்வான்ஸ், பார்க்கிங் எல்லாம் அப்புறம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, என்ன சூட்டில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் கடைசி நூறடியைப் பற்றியது. கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள் :-)

முதலில் ஊர்க்கதை.

1537ல் கெம்பே கவுடா இந்த ஊரைக் கட்டியபோது ஆற்றை நம்பிக் கட்டவில்லை. பக்கத்தில் ஆறே கிடையாது. ஏரிகளை நம்பித்தான் ஊர் வளர்ந்தது. இன்றைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. 1809ல் கண்டோன்மென்ட் வந்தது. பட்டாளத்தோடு நம்மவர்களும் கூட்டமாக வந்து அல்சூர் பக்கம் குடியேறினார்கள். ஜனம் பெருகப் பெருக ஏரிகள் அழுக்கடைந்தன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மைசூர் ராஜ்ஜியமே ஆடிப்போனது.

அதற்குப் பிறகு திவானாக வந்தவர் கே. சேஷாத்ரி ஐயர் (1883 முதல் 1901 வரை). பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, மெட்ராசில் படித்து, மைசூருக்கு வேலைக்கு வந்தவர். அந்த வகையில் நமக்கெல்லாம் சீனியர் :-) சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலத்தில்தான், ஊருக்கு வடமேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, அர்க்காவதி ஆற்றில் ஹெசரகட்டா ஏரியைப் பெரிதாக்கி, அங்கிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை தொடங்கியது. சாமராஜேந்திரா வாட்டர் ஒர்க்ஸ் என்று பெயர். 1896ல் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1898ல், பிளேக் வந்தது. அது தண்ணீரால் வரும் நோய் அல்ல. எலியும் தெள்ளுப்பூச்சியும் கொண்டு வருவது. ஆனால் அந்த நோய் ஊருக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனது. வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, காற்றும் வெளிச்சமும் எப்படிப் போய் வருகின்றன என்பதும் சுகாதாரம்தான். அகலமான தெருக்களோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தது அந்தப் பயத்தில்தான்.

அதற்கப்புறம் கதை முழுக்க "இன்னும் தூரம், இன்னும் தூரம்" என்றுதான் போகிறது. 1925ல் ஹெசரகட்டா வறண்டது. 1933ல் திப்பகொண்டனஹள்ளியில் சாமராஜசாகர் அணை வந்தது. 1964ல் குடிநீர் வாரியம் அமைந்தது. 1974ல் காவேரி முதல் கட்டம். தொரேகாடனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் குழாய், அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்பிங். அடுத்தடுத்த கட்டங்கள் 1982, 1993, 2002, 2012. 2024 மார்ச்சில் ஊரே டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடியது நினைவிருக்கும். அந்த அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல்.

சாதனைதான். சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: இத்தனை கட்டத்திலும் எஞ்சினியர்களின் வேலை மீட்டரோடு முடிந்துவிடுகிறது. இங்கே தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வருவதில்லை. முறை வைத்து சில மணி நேரம்தான் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு சம்ப், மேலே ஓர் ஓவர்ஹெட் டேங்க், நடுவில் ஒரு மோட்டார், குளியலறைக்கு ஒரு கீசர். அதாவது ஒவ்வொரு வீடும் ஒரு குட்டிக் குடிநீர் வாரியம். எஞ்சினியரும் கெமிஸ்ட்டும் இல்லாத வாரியம்! வாரியம் கலந்து அனுப்பும் குளோரின், சம்ப்பிலும் டேங்கிலும் நிற்க நிற்கக் குறைந்துகொண்டே போகும். எதிர்முனைக் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் பாத்ரூம் குழாயில் அது இருக்கிறதா என்று யாராவது பார்த்ததுண்டா?

சரி, அதனால் என்ன ஆகிவிடும்? இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போய் வரவேண்டும். அதற்கு முன் லண்டனில் ஒரு சின்ன ஸ்டாப்.

1854ல் லண்டன் பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போய், தெருமுனை பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று காட்டினார். குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அறிவு உலகத்துக்கு இப்படித்தான் வந்தது. வடிகட்டிய குழாய்த் தண்ணீர் ஊர் ஊராகப் பரவியதற்குப் பின்னால் இருந்தது இந்த அறிவு.

சரியாக 122 வருஷம் கழித்து, இன்னொரு பிராட் ஸ்ட்ரீட். இது அமெரிக்காவின் பிலடெல்பியாவில். 1976 ஜூலை 21 முதல் 24 வரை, அங்கே பெல்வியூ-ஸ்ட்ராட்போர்ட் என்ற பெரிய ஓட்டலில் 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் ராணுவ வீரர்கள் சங்கத்தின் மாநாடு. அமெரிக்க சுதந்திரத்தின் 200வது ஆண்டு வேறு. இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்து, சாப்பிட்டு, பேசிவிட்டு ஊருக்குப் போனார்கள். போன சில நாட்களில் ஒவ்வொருவராகக் கடும் காய்ச்சல், நிமோனியா. மொத்தம் 221 பேருக்கு நோய், 34 பேர் மரணம். அதில் 39 பேர் மாநாட்டுக்கே போகாதவர்கள். அந்தப் பக்கமாக பிராட் ஸ்ட்ரீட்டில் நடந்து போனவர்கள் உட்பட! அவர்களில் 5 பேர் இறந்தார்கள்.

விஷமா, வைரஸா, சதியா என்று நாடே பேசியது. கூட்டம் வராமல் அந்த நவம்பரிலேயே ஓட்டலை மூடினார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி ஆகஸ்டிலேயே சில குச்சி வடிவக் கிருமிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். முக்கியமில்லை என்று தள்ளி வைத்திருந்தார். டிசம்பர் கடைசியில், விடுமுறை நாட்களில், மனசு கேட்காமல் பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். 1977 ஜனவரி 18ல் அறிவிப்பு வந்தது: இதுவரை பெயரே இல்லாத ஒரு பாக்டீரியா. வீரர்களின் சங்கப் பெயரையே வைத்து லீஜியோனெல்லா என்று பெயர் சூட்டினார்கள்.

அப்புறம் பேங்கில் நாங்கள் பழைய லெட்ஜரைப் புரட்டுவது போல, ஃப்ரீசரில் வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 1965ல் வாஷிங்டனில் ஒரு மருத்துவமனையில் காரணம் தெரியாமல் பரவிய நிமோனியா, இதே கிருமி. 1968ல் மிச்சிகன் மாநிலம் பான்டியாக்கில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் 144 பேருக்கு வந்த காய்ச்சல், அதுவும் இதே. பிலடெல்பியாவின் அதே ஓட்டலில் 1974ல் நடந்த வேறொரு மாநாட்டிலும் இது வந்து போயிருக்கிறது! ஆக, கிருமி புதிதல்ல. ஆறு, குளம், ஈர மண்ணில் காலங்காலமாகக் கொஞ்சமாக இருந்ததுதான். அதற்கு வசதியான வீடு கட்டிக் கொடுத்தது நாம்.

எப்படி? இந்தக் கிருமி 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகும். 20க்குக் கீழே தூங்கும். 60க்கு மேல் சில நிமிடங்களில் செத்துவிடும். ஓடாமல் நிற்கும் தண்ணீர், துரு, உப்புப் படிவு, டேங்கின் சுவரில் கை வைத்தால் வழுக்குமே அந்தப் பாசிப்படலம், இவையெல்லாம் அதற்குச் சொர்க்கம். படலத்தில் மேயும் அமீபா இந்தக் கிருமியை விழுங்கினால், அதன் வயிற்றுக்குள்ளேயே இது குட்டி போட்டுப் பெருகுகிறது. வெளியே குளோரின் ஊற்றினாலும் அமீபாவுக்குள் பத்திரம். நம் நுரையீரலிலும் இதே வேலைதான். கிருமியை விழுங்க வரும் காவல் செல்லுக்குள்ளேயே குடித்தனம்.

முக்கியமான விஷயம், இது பொதுவாகக் குடிப்பதால் வருவதில்லை. தண்ணீர் நுண்துளியாகத் தெறித்து, அதை மூச்சில் இழுக்கும்போது வருகிறது. ஷவர், அலங்கார நீரூற்று, நீச்சல் கிளப்பின் குமிழித் தொட்டி, பெரிய கட்டிடங்களின் மொட்டை மாடியில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும் கூலிங் டவர். ஆகவே கிச்சனில் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டிய ஆர்.ஓ. மெஷினுக்கு இதில் வேலையே இல்லை. அது கிச்சனோடு சரி! இன்னொன்று, வீட்டு ஸ்ப்லிட் ஏ.சி.யால் இது வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வீட்டு ஏ.சி.யும் கார் ஏ.சி.யும் தண்ணீரால் குளிரூட்டுவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் அனேகமாகக் கிடையாது. ஐம்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்தான் அதிகம் அகப்படுவார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிறார்.

1976க்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டதா என்றால், தவணை முறையில் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். 1999ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காகக் குமிழ் விட்டுக் காட்டிய தொட்டியிலிருந்து பரவி 32 பேர் பலி. 2000 ஏப்ரலில் மெல்போர்னில், திறந்து சில மாதமே ஆன புத்தம்புது மீன் காட்சியகத்தின் கூலிங் டவரிலிருந்து 125 பேருக்கு நோய். புதுக் கட்டிடம் என்றால் பயமில்லை என்ற நினைப்பு அங்கே போனது. 2015ல் நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸில் ஓர் ஓட்டல் கூலிங் டவரால் 138 பேருக்கு வந்து 16 பேர் இறந்தார்கள். உடனே அந்த நகரம் ஒவ்வொரு கூலிங் டவரையும் பதிவு செய்து, சோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் இருந்தும் 2025 கோடையில் அதே நகரின் ஹார்லெமில் 114 பேருக்கு நோய், 7 பேர் மரணம். நகராட்சியே நடத்தும் ஒரு மருத்துவமனையின் கூலிங் டவரும் காரணங்களில் ஒன்று.

இன்னொரு செய்தி. கொரோனாவில் பூட்டிக் கிடந்து 2020ல் திறக்கப் போகும்போது, அட்லாண்டாவில் தாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சில கட்டிடங்களின் தண்ணீரில் லீஜியோனெல்லா இருக்கக் கண்டு திரும்பவும் மூடியது ஓர் அலுவலகம். எது தெரியுமா? இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த அதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்! அவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒன்றரை இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த நம்ம ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி கட்டிடங்களின் குழாய்களை நினைத்துப் பாருங்கள்.

"இங்கே இப்படி எதுவும் கேள்விப்பட்டதே இல்லையே?" என்பீர்கள். தேடினால்தானே கிடைக்கும். நிமோனியா என்று போனால் இதற்கான சோதனையை எல்லோருக்கும் செய்யும் வழக்கம் நம் ஊரில் இல்லை. "நிமோனியா, வயசாச்சு" என்று கேஸ் முடிந்துவிடும். தில்லி, திருப்பதி போன்ற இடங்களில் பெரிய மருத்துவமனைகளின் தண்ணீரிலேயே இது கிடைத்ததாக ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கணக்கில் எழுதாத செலவு, செலவே இல்லை என்று ஆகிவிடாது. அவ்வளவுதான்.

குளிர் நாடுகளில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வை, சுடுதண்ணீரை 60 டிகிரியில் வை. இதில் முதல் பாதி நமக்கு நடக்காது. பெங்களூர் என்னதான் 'ஏ.சி. சிட்டி' என்று பெயர் எடுத்திருந்தாலும், வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் தண்ணீர் 20 டிகிரியில் எப்படி நிற்கும்? சென்னை, மதுரையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே நம் கையில் மீதி இருப்பது மூன்றே ஆயுதம்: சுத்தம், குளோரின், ஓட்டம்.

இதில் மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. நான் பி.காம். படித்த ஆள். பாக்டீரியாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் கடன் கொடுத்த கம்பெனியின் கோடவுனில் ஸ்டாக் பார்க்கத் தெரியும். முன்வரிசையில் புதுச் சரக்கு பளபளவென்று இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று வருஷத்துப் பழசு தூசியோடு கிடக்கும். வந்த புதுச் சரக்கே முதலில் போய்விடும், பழசு அங்கேயே கிடக்கும். பல டேங்குகளும் இப்படித்தான். தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் ஒரே பக்கத்தில் இருந்தால், புதுத் தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடும். எதிர் மூலையில் இருப்பது பழைய ஸ்டாக். வாஷிங் மெஷினுக்கென்று போட்டு, பிறகு மூடி போட்டு அடைத்துவிட்ட குழாய்த் துண்டு இருக்கிறதே, அது சுத்தமான டெட் ஸ்டாக். அங்கே கிருமி உட்கார்ந்துகொண்டு மற்றக் குழாய்களுக்கும் சப்ளை செய்யும்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் இரண்டாவது பாத்ரூம் ஒன்று இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்கு. வருஷத்தில் பத்து மாசம் அது பூட்டித்தான் கிடக்கும், இல்லை அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். கீசரில் பழைய தண்ணீர் பதினைந்து லிட்டர், ஷவரில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாக. எழுபது வயது, இருபது வருஷ சர்க்கரை, ராத்திரி பஸ்ஸில் வந்த களைப்பு. வந்தவர் நேராகப் போய் அந்த ஷவரைத் திறந்து அதன் கீழே நிற்கிறார். வீட்டிலேயே பழைய தண்ணீர் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் வீட்டிலேயே பலவீனமானவரை அனுப்புகிறோம்.

இதே கதை எதிர்த்திசையிலும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போய், ஆறு மாசமாகப் பூட்டிய வீட்டைத் திறக்கிறோம். மாடி டேங்கில் இருப்பது ஆடி மாசத்துத் தண்ணீர்!

நம் பாட்டிமார் வெந்நீர்த் தவலையைத் தினமும் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, விறகு வைத்துக் கொதிக்கவிட்டார்கள். அவர்களுக்கு லீஜியோனெல்லா தெரியாது. ஆனால் தண்ணீர் பழசாகவில்லை, சூடும் போதுமான அளவு இருந்தது, பக்கெட்டில் மொண்டு ஊற்றியதால் மூச்சில் போகும் நுண்துளியும் குறைவு. இன்றைக்கு கரண்ட் பில்லுக்குப் பயந்து கீசரை 40-45ல் வைக்கிறோம். பெங்களூர் மாடிகளில் வரிசையாக நிற்கும் சோலார் ஹீட்டர்களோ, மழை மேகம் மூடிய வாரங்களில் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கிருமி கேட்கும் சூடு அதுதான்.

செய்யவேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை:

1. புழங்காத பாத்ரூம் குழாய், ஷவர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். தெறிக்காமல் இருக்க ஷவர் தலையைக் கழற்றியோ பக்கெட்டுக்குள் இறக்கியோ விடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் வீணாகாது, தரை கழுவலாம். நீண்ட நாள் பூட்டிய வீட்டில் டேங்கைக் காலி செய்து கழுவிவிட்டு அப்புறம் குளிக்கலாம்.

2. கீசரில் சூடு 60க்குப் போகட்டும், பிறகு பக்கெட்டில் கலந்துகொள்ளுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் நேராகத் திறந்தால் சுட்டுவிடும், ஜாக்கிரதை. சோலார் டேங்கில் மின்சார காயில் இருந்தால் மேகமூட்ட நாட்களில் போட்டுவிடுங்கள்.

3. ஷவர் தலையை சில மாதத்துக்கு ஒருமுறை வினிகரில் ஊறவைத்து உப்பைத் தேய்த்து எடுங்கள்.

4. சம்ப், டேங்க் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் போடச் சொல்லுங்கள். பாசிப்படலம் போகாமல் மருந்து மட்டும் ஊற்றுவதில் பிரயோஜனம் குறைவு. உள்ளே இறங்கும் தொழிலாளிக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள், மேலே ஓர் ஆள் நிற்கட்டும். அத்தனை நுண்துளியையும் முதலில் மூச்சில் வாங்குபவர் அவர்தான். அவரும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான்.

5. நெபுலைசர், ஏர் கூலர் இவற்றில் பழைய தண்ணீர் கூடாது. நெபுலைசருக்குக் குழாய்த் தண்ணீரே கூடாது.

6. நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், கடந்த இரண்டு வாரத்தில் எந்த ஓட்டலில், எந்த ஆஸ்பத்திரியில் தங்கினீர்கள், பூட்டிக் கிடந்த வீட்டில் குளித்தீர்களா என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிறுநீரில் செய்யும் சோதனை இருக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் வகைகள் செய்யும். எதைக் கொடுப்பது என்பது டாக்டர் பாடு. தகவல் கொடுப்பது நம் பாடு.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் இதைக் கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வெளிச்சுவர் பெயின்ட் கலருக்கு ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. டேங்க் கிளீனிங் கொட்டேஷன் வந்தபோது மணி ஒன்று, எல்லோருக்கும் பசி. "போன வருஷம்தானே பண்ணினோம், அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். பெயின்ட் கண்ணுக்குத் தெரிகிறது, டேங்க் தெரிவதில்லை. நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: ஒரு நோட்டு. டேங்க் கழுவிய தேதி, குளோரின் அளவு, யார் பார்த்தது, கையெழுத்து. வவுச்சர் இல்லாத வேலை நடக்காத வேலை என்பது பேங்க்காரன் புத்தி :-) ஆபீஸ் கட்டிடத்திலும் கூலிங் டவருக்கு இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று மெயின்டனன்ஸ் ஆளிடம் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

சேஷாத்ரி ஐயர் காலத்திலிருந்து 130 வருஷமாக யார் யாரோ பாடுபட்டு இந்தத் தண்ணீரை நம் கேட் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நூறடி நம் பொறுப்பு. ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று டிக்கெட் போட்டதும், அந்தப் பாத்ரூமில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டியை முதலில் எடுத்து வெளியே வையுங்கள். குழாயைத் திறந்து விடுங்கள்.